பாப்பா என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

நம் கோயில்களில் அர்ச்சனைச் சீட்டுடன் சந்நிதியின் முன் நிற்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது, தம் பெயரைச் சொல்லாமல், கடல் கடந்து வாழும் பேரன் பேத்தியரின் பெயரைச் சொல்லும் தாத்தா பாட்டிகள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அர்ச்சனை முடிந்து பிராகாரத்தில் சற்றே அமர்ந்தால் பேச்சும் அந்தக் குழந்தையைச் சுற்றியே செல்லும். "அங்கே என்ன சாப்பிடுகிறானோ?", "நம் பாஷை பேசுவானோ, மாட்டானோ?", "சாமி, பூஜை என்று அவனுக்கு ஏதாவது தெரியுமா?" என்று மூன்று கேள்விகள் தவறாமல் வரும்.

இம்மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம் இத்தாலி நாட்டின் பொலோஞா நகருக்குச் சென்றோம். மகள் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மாப்பிள்ளை, பொருள்களைப் பொட்டலமிடும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். பேரனுக்கு அப்போது இரண்டு வயது. பார்வையாளராகச் செல்பவர் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே அங்கு தங்கலாம் என்பது விசா விதி. வங்கியில் பணியாற்றிய காலத்தில், தொண்ணூறு நாள் வைப்புக்கு வட்டி குறைவு என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். அந்தத் தொண்ணூறு நாட்களில் நான் கண்டவற்றை, மேற்சொன்ன கேள்விகளோடு பிராகாரத்தில் அமர்ந்திருக்கும் அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொலோஞா நகரின் தெருக்களில் கட்டடங்களின் கீழ்த்தளம் உள்வாங்கி, மேலே வளைவுகள் தாங்கிய நடைமண்டபமாக நீள்கிறது. நம் ஊர்ப் பெரிய கோயில்களின் திருச்சுற்று மாளிகை ஊர் முழுவதும் பரவியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எல்லாவற்றையும் சேர்த்தால் 60 கிலோமீட்டருக்கும் அதிகம் என்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் அமர்த்திக்கொண்டு செல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. மழையானாலும் வெயிலானாலும் வண்டி நிற்பதில்லை.

இம்மண்டபங்களுள் ஒன்று ஊருக்கு வெளியே, குன்றின் மீதுள்ள சான் லூக்கா மாதா ஆலயம் வரை ஏறுகிறது. மொத்தம் 666 வளைவுகள்; ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர். அந்த மாதாவின் திருவுருவப் படத்தை ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டிக் குன்றிலிருந்து ஊருக்குள் எழுந்தருளச் செய்து, பேராலயத்தில் சில நாட்கள் வைத்து, மீண்டும் குன்றுக்கே கொண்டுசெல்கிறார்கள். 1433-ஆம் ஆண்டு விடாமழையால் பயிர் அழியும் நிலை வந்தபோது தொடங்கிய வழக்கம் என்று சொல்லப்படுகிறது. உற்சவர் புறப்பாடு பார்த்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வழியே பேரனோடு நடந்தபோது, ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் கைக்குழந்தைகளோடு வந்ததைக் கண்டேன். குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

இனிப் பேரனின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்கிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதால் அவன் காலை எட்டரை மணிக்குக் குழந்தைகள் காப்பகத்துக்குச் செல்கிறான். மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான இந்தக் காப்பகத்துக்கு இத்தாலியில் 'நீதோ' என்று பெயர். அச்சொல்லுக்குப் பறவைக்கூடு என்று பொருள். வடமொழியில் கூட்டுக்கு 'நீடம்' என்ற சொல் உண்டு. லத்தீன் மொழியின் 'நீதுஸ்' என்ற சொல்லும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது மொழியறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. நகராட்சிகள் இத்தகைய கூடுகளை நடத்துவதற்கு 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. கட்டணம் குடும்பத்தின் வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப அமைகிறது. ஒரே அறையில் விளையாடும் இரு குழந்தைகளின் பெற்றோர் வெவ்வேறு தொகை கட்டுகிறார்கள். அதற்கான விண்ணப்பத்தைக் கண்டபோது, கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்த என் பழைய மேசை நினைவுக்கு வந்தது.

செப்டம்பரில் ஆண்டு தொடங்கும்போது குழந்தையை முதல் நாளே விட்டுவிட்டு வர அவர்கள் அனுமதிப்பதில்லை. முதல் நாள் தாயோ தந்தையோ ஒரு மணி நேரம் கூடவே உட்கார வேண்டும். மறுநாள் சில நிமிடங்கள் மட்டும் வெளியே போகலாம். பிறகு அரை மணி, பிறகு உணவு வேளை வரை, பிறகு உறக்கம் வரை என்று நாட்களைச் சிறிது சிறிதாக நீட்டுகிறார்கள். அழுகை நிற்க இரண்டு வாரமானாலும் அவசரப்படுத்துவதில்லை. பெற்றோர் அல்லாத ஒருவர் குழந்தையை அழைத்துவர வேண்டுமானால், பெற்றோர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாளச் சான்றின் நகலும் முன்கூட்டியே தரவேண்டும். என் கடவுச்சீட்டின் நகலை இணைத்து மகள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் பலத்தில்தான், தாத்தாவாகிய நான் பேரனை அழைத்துவரும் உரிமையைப் பெற்றேன். இவ்வளவு கெடுபிடியா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது மனநிறைவாகவே இருந்தது.

இந்நாட்டில் சிறு குழந்தைகளின் கல்வி இவ்வளவு மதிக்கப்படுவதற்குப் பின்னணி இருக்கிறது. மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியர். மருத்துவம் பயின்ற அவர், 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழை எளியோர் வாழும் பகுதியில் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். அவருக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். யூரோ வருவதற்கு முன் இத்தாலியில் புழங்கிய ஆயிரம் லிரா நோட்டு ஒன்றில் அவருடைய உருவம் இருந்தது. அரசர்களையும் தலைவர்களையும் நோட்டுகளில் பார்த்துப் பழகிய எனக்கு, குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு பெண்மணியின் முகத்தை, அதுவும் எளிய மக்கள் அன்றாடம் கையாளும் நோட்டில் அச்சிட்டார்கள் என்பது வியப்பாக இருந்தது.

பொலோஞாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரின் வரலாறு இன்னும் உருக்கமானது. 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்த உடனே, அதன் அருகிலுள்ள வில்லா செல்லா என்ற சிற்றூர் மக்கள், ஜெர்மானியப் படையினர் விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். செய்தியைக் கேள்விப்பட்டு மிதிவண்டியில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலாகுட்சி, பின்னர் தம் வாழ்நாளையே அப்பணிக்குத் தந்தார். 1963-இல் அந்நகராட்சியின் முதல் குழந்தைப் பள்ளி திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் அம்முறையைக் கற்கிறார்கள்.

இனி உணவு. நம் சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை பல. காப்பகத்தில் மதம் சார்ந்த காரணத்தை எழுதிக் கொடுத்தால் இறைச்சியும் மீனும் இல்லாத உணவு தருகிறார்கள். ஆனால் அங்கே குழந்தை உணவின் மேலெல்லாம் துருவித் தூவப்படும் பர்மிஜானோ பாலாடைக்கட்டியைப் பற்றி நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. பாலை உறைய வைக்க அதில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் பொருளைச் சேர்க்கிறார்கள். பால்பொருள்தானே என்று நினைத்துவிட முடியாது. தாவரத்திலிருந்தோ நுண்ணுயிரிலிருந்தோ பெற்ற உறைபொருள் சேர்த்த பாலாடைக்கட்டிகளும் கடைகளில் உண்டு. உறையின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். நம் சப்பாத்தியைப் போலவே தோன்றும் பியாதினா என்ற ரொட்டியில் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கிறது. பொலோஞாவின் பெயர்பெற்ற புதுப் பாஸ்தாவில் முட்டை உண்டு. உலர்ந்த ரவைப் பாஸ்தாவில் பெரும்பாலும் இராது. காய்கறிச் சூப் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. என் மகள் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்திருந்தாள். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அதன்படியே செய்தார்கள்.

வீட்டில் கவலையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகமாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலிதான். வடக்கே போ நதிச் சமவெளியில், வெர்செல்லி, நொவாரா, பவியா பகுதிகளில் நம் தஞ்சைத் தரணிபோல வயல்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அங்கே விளையும் குண்டரிசி குழைய வெந்துவிடும். மைசூர்ப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைத்து, உப்பில்லாத வெண்ணெயை உருக்கிய நெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால், பேரனுக்கு என் மனைவி ஊட்டிய பருப்புச் சாதம் ஆயிற்று. அதே அரிசியில் தயிர்ச் சாதமும் மணக்க மணக்க வரும். நிலாவைக் காட்டி ஊட்ட அங்கேயும் நிலா இருக்கிறது. நான்காம் மாடி ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடி அவன் ஐந்தாறு கவளம் உண்பான்.

இரண்டாவது கேள்வி மொழி. குடும்பத்தில் உண்மையான கவலை எழுந்தது இதில்தான்.

பேரன் இரண்டு வயதாகியும் அதிகம் பேசவில்லை. பத்துப் பதினைந்து சொற்கள், எல்லாம் தமிழ். காப்பகத்தில் மற்றக் குழந்தைகள் சரளமாகப் பேசினார்கள். அக்கம்பக்கத்துச் சொற்கள் அவனைக் குழப்பின. இத்தாலியில் 'மம்மா' என்றால் தாய். அவனுக்கோ 'மாமா' என்பது சென்னையிலிருந்து தொலைபேசியில் சிரிக்கும் என் மகன். மற்றக் குழந்தைகள் தாயைத் தேடி 'மம்மா' என்று அழும்போது இவன் கைப்பேசியைத் தேடினானாம். பாப்பா என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. நமக்குப் பாப்பா குழந்தை. அவர்களுக்கு, இறுதியை அழுத்திச் சொன்னால் தந்தை. நடுவே அழுத்திச் சொன்னால் குழந்தைக்கு ஊட்டும் உணவு. "பாப்பா எங்கே?" என்று ஆசிரியை தந்தையைப் பற்றிக் கேட்டால், பேரன் தன் மார்பைத் தொட்டுக் காட்டுவான். எனக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. அவர்கள் குழந்தை மொழியில் 'தாதா' என்பது போல ஒலிக்கும் சொல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவைக் குறிக்கும். பேரன் என்னைத் தாத்தா என்று அழைப்பதைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மையார் சிரித்தார். செய்கிற வேலையைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று என் மனைவி முடித்துவிட்டாள்.

சிரிப்புக்கு அப்பால், மாப்பிள்ளையின் மனத்தில் வேறொரு முடிவு உருவாகிக்கொண்டிருந்தது. ஓர் இரவு குழந்தை உறங்கிய பின் என்னிடம் சொன்னார்: "மாமா, நாங்கள் வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம். போன வாரம் அவனுக்குக் காது வலி. காப்பகத்தில் 'வலி, வலி' என்று அழுதிருக்கிறான். யாருக்கும் புரியவில்லை. தமிழ் பேசவேண்டும் என்ற நம் ஆசைக்காக அவன் கஷ்டப்படலாமா?"

இதற்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தாய்மொழிப் பெருமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது எளிது. வலியைச் சொல்ல முடியாத ஒரு குழந்தையின் தகப்பனாரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. மகளோ ஒரு பக்கமும் சேராமல் மௌனமாக இருந்தாள்.

அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது. இத்தாலியில் 1978 முதல் அனைவருக்குமான தேசிய மருத்துவச் சேவை உண்டு. பதிவு செய்த ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஒரு மருத்துவர் இருப்பார்; பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் முதலில் செவியைச் சோதித்தார். கேட்கும் திறனில் குறையில்லை என்று உறுதிசெய்தார். சொன்னதைப் புரிந்துகொள்கிறானா, சுட்டிக் காட்டுகிறானா, கண் பார்த்துச் சிரிக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, இரு மொழிகளைக் கேட்பதனால் குழந்தைக்குப் பேச்சுக் குறை வருவதில்லை. இரண்டு மொழியிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டில் உங்களுக்கு எந்த மொழி இயல்போ அதிலேயே நிறையப் பேசுங்கள் என்றார். சில மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனில் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவதாகவும் சொன்னார். மனத்தைத் தேற்றுவதோடு விடாமல், தேவையானால் அடுத்த படி என்ன என்பதையும் சொன்னது எனக்குப் பிடித்தது.

காப்பகத்து ஆசிரியை செய்ததுதான் இன்னும் பெரியது. வீட்டில் குழந்தை அதிகம் பயன்படுத்தும் சொற்களை இத்தாலிய எழுத்தில் எழுதித் தரும்படி மகளிடம் கேட்டார். தண்ணீ, வலி, போதும், தூக்கு, தூக்கம், பயம், அம்மா வருவா என்று பன்னிரண்டு சொற்கள். அவற்றைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் நான் அழைத்துவரச் சென்றபோது, அந்த இத்தாலியப் பெண்மணி குழந்தையின் முன் மண்டியிட்டு, கையில் கோப்பையுடன், "தண்ணீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் ஒரு கணம் அவரையே உற்றுப் பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டான். இரவில் நான் இதை விவரித்தபோது மாப்பிள்ளை நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவர்களே நம் சொல்லைக் கற்றுக்கொள்ளும்போது நாம் எப்படி நிறுத்துவது, மாமா?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

நவம்பர் மாதத்துக்குள் பேரன் ஆளுக்கேற்ப மொழியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டான். எங்களிடம் தண்ணீ, ஆசிரியையிடம் 'ஆக்வா'. சொற்றொடர் இன்னும் வரவில்லை. ஆனால் அழுகை குறைந்துவிட்டது.

அந்நாட்டில் 1999-இல் குழந்தை மருத்துவர்களும் நூலகர்களும் சேர்ந்து, பிறந்த சில மாதங்களிலிருந்தே குழந்தைக்குப் புத்தகம் படித்துக்காட்ட வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பொலோஞாவின் மையச் சதுக்கத்தில் ஒரு காலத்தில் பங்குச் சந்தையாக விளங்கிய பெரிய கூடம், 2001 முதல் பொது நூலகமாகச் செயல்படுகிறது. அங்கே சிறுவர்க்கென்று ஒரு பகுதி உண்டு. பணம் கைமாறிய இடத்தில் குழந்தைகள் தவழ்வதைப் பார்க்க, ஓய்வுபெற்ற வங்கிக்காரனுக்கு ஆனந்தமாக இருக்காதா! நாங்கள் எடுத்துச்சென்ற தமிழ்ப் படப்புத்தகங்களில் யானைப் படமுள்ள ஒன்று, கிழிந்து ஒட்டப்பட்டு இன்றும் அவன் தலையணையடியில் இருக்கிறதாம்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்தாலியில் குழந்தையை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் முன்பின் அறியாதவர்களும் நின்று கொஞ்சுகிறார்கள்; கூடவே அறிவுரையும் சொல்கிறார்கள். கழுத்தில் காற்றுப் படக்கூடாது, தலைமுடி ஈரமாக வெளியே வரக்கூடாது, உள்பனியன் இல்லாமல் சட்டை போடக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் சொன்னதை மகள் மொழிபெயர்த்தபோது, "இதைத்தானே நானும் சொல்கிறேன், என் பேச்சை மட்டும் கேட்கமாட்டாய்" என்றாள் என் மனைவி. கண்ணேறு பற்றிய நம்பிக்கையும் அங்கே உண்டு. தென்பகுதிகளில் தட்டு நீரில் எண்ணெய்த் துளி விட்டு, அது பரவும் விதம் கண்டு திருஷ்டி பட்டதா என்று சொல்லும் முதிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். என் மனைவி உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டதைக் கேட்டு அப்பாட்டியம்மாள் தலையசைத்து ஆமோதித்தாராம்.

அக்டோபர் 2-ஆம் நாள் அந்நாட்டில் தாத்தா பாட்டிகள் தினம். காவல் தேவதைகளின் திருநாளான அன்றைய தினத்தை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு அறிவித்தது. பேரனின் கை அச்சைப் பதித்த ஒரு தாள் அன்று எங்களுக்குக் கிடைத்தது. பூஜை அலமாரியின் கதவுக்கு உட்புறம் இப்போது அது இருக்கிறது.

மூன்றாவது கேள்வி வழிபாடு. மகள் வீட்டில் பூஜையறை என்று தனியாக இல்லை. கூடத்து அலமாரியின் ஒரு தட்டுதான். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் விளக்கு. மாலை ஆறு மணிக்கு அவள் விளக்கேற்றும்போது பேரன் ஓடிவந்து கைகூப்புவான். யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. தாயைப் பார்த்துக் கற்றான். நவராத்திரியில் மூன்றே படி வைத்து, நாங்கள் கொண்டுசென்ற சில பொம்மைகளோடு அவனுடைய மரக் கழுதையையும் வைத்தோம். பார்க்க வந்த பக்கத்து வீட்டார், "இது எங்கள் பிரசேபே போல இருக்கிறதே" என்றார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் தொழுவமும் ஆடுமாடும் கடைக்காரர்களுமாகச் சிறு பொம்மைகள் வைக்கும் வழக்கம் அது. 1223-இல் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் தொழுவக் காட்சியை அமைத்ததிலிருந்து அது தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

நம் சமயத்துக்கு அந்நாட்டில் சட்டப்படியான இடமும் உண்டு. இத்தாலிய இந்து ஒன்றியத்துக்கும் அரசுக்கும் ஏற்பட்ட உடன்பாடு 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 31 தேதியிட்ட 246-ஆம் எண் சட்டமாயிற்று. தீபாவளி அதில் பெயர் சொல்லி ஏற்கப்பட்டிருக்கிறது. வடமேற்கே சவோனா மாவட்டத்தில் அல்தாரே என்ற இடத்து ஆசிரமத்தில் லலிதா திரிபுரசுந்தரிக்குக் கோயில் இருக்கிறது. தெற்கே சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், போர்க்காலத்தில் புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர் பலர் வாழ்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் மட்டுமின்றி இந்துக்களும், பெல்லெக்ரீனோ மலைக் குகையிலுள்ள புனித ரொசாலியாவின் ஆலயத்துக்கு ஞாயிறுதோறும் நடந்து ஏறுகிறார்கள். ஊர் இழந்து வந்தவர்களுக்கு மலைமேல் ஒரு தாய் இருப்பது எத்தனை ஆறுதல் என்பதை நாம் உணரலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். பேரன் பொலோஞாவில் பிறந்தவன். ஆயினும் அவன் இத்தாலியக் குடிமகன் அல்லன். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பிறந்து இடைவிடாது சட்டப்படி வசித்த வெளிநாட்டவர் பிள்ளை, பதினெட்டு வயது நிறைந்த பின் ஓராண்டுக்குள் விருப்பம் தெரிவித்தால்தான் குடியுரிமை பெறலாம். அதுவரை அவன் எங்கே வளர்வான், எந்த நாட்டைத் தன் நாடு என்பான் என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றோரின் வேலை எங்கே இழுக்குமோ அங்கே செல்வான். அவனோடு கூடவே செல்லக்கூடியவை சிலவே: ஒரு தாலாட்டு, பருப்புச் சாதத்தின் வாசனை, விளக்கின் முன் கைகூப்பும் பழக்கம், பன்னிரண்டு சொற்கள்.

தொலைவில் பேரக்குழந்தைகளை உடைய அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில யோசனைகள். பெற்ற பிள்ளைகளிடம் "தமிழ் சொல்லிக் கொடுக்கிறாயா?" என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு, நாமே குழந்தையோடு பேசுவோம். நாள்தோறும் பத்து நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே கதையானாலும் சரி. குழந்தைக்குப் புதுக்கதை தேவையில்லை; பழகிய கதைதான் பிடிக்கும். இத்தாலியில் காலை ஏழரை என்றால் கோடையில் நமக்குப் பகல் பதினொன்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பியபின் அதுவே நமக்குப் பன்னிரண்டு. அந்த நேரத்தில் குழந்தை காலை உணவு உண்கிறான்; பெற்றோர் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்கள். நாம் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்களுக்கும் உதவி. மாலை விளக்கு வேளையில் அழைக்கலாம் என்று நினைத்தால், அப்போது அங்கே குழந்தை பகலுறக்கத்தில் இருப்பான்.

எங்கள் வீட்டில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு என் மனைவி சமையலை நிறுத்திவிட்டுக் கைப்பேசியின் முன் உட்கார்ந்துவிடுகிறாள். யானைக் கதைதான். சென்ற வாரம் கதை நடுவில் அவன் அவளை நிறுத்தி, "யானை தண்ணீ குடி" என்றானாம். அவன் பேசிய முதல் மூன்று சொல் வாக்கியம் அது. மகள் அதைத் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

எங்கெங்கோ வளரும் நம் குழந்தைகள் யாவரும் நோய்நொடியின்றி நீடு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.